சித்தூரில் ஏலம் போன ஓலைப்பெட்டி

மூன்று நாள் பயணத்துக்கு மூன்று சேலையும் இரண்டு ஜாக்கெட்டும் போதும். பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகளிடம் இதை வருடக்கணக்காகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருத்தியும் கேட்பதாக இல்லை. கன்னியாகுமரிக்கு ஒருநாள் போய்வரவே டிரங்குப் பெட்டியைத் தூக்குகிறவர்கள் அவர்கள். நான் தையல் டீச்சர். துணி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

சாம்பல் நிறத்தில் ஒரு சேலை, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, பாசிப்பச்சையில் ஒன்று. பின்னிரண்டுக்கும் கரை சாம்பல். ஜாக்கெட் சாம்பலில் ஒன்று, கத்தரிப்பூவில் ஒன்று. எதை எதோடு உடுத்தினாலும் சேரும். பெருக்கிப் பார்த்தால் ஆறு விதம். ஐப்பசி மழையில் சேறு தெறித்தாலும் இந்த நிறங்களில் கண்ணுக்குத் தெரியாது. வழிக்குச் சாம்பல் சேலையும் சாம்பல் ஜாக்கெட்டும் உடுத்திக்கொண்டேன். மீதியை மணப்பாட்டில் வாங்கிய புது ஓலைப்பெட்டியில் வைத்தேன். மூடியில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட பெட்டி. கனமே இருக்காது, கூலியாள் வேண்டாம். மேலே கருப்பட்டியும் முந்திரிக்கொத்தும் வைத்து மூடினேன். பெண் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா.

ஆமாம், பெண் பார்க்கத்தான் சித்தூருக்குப் போனேன். எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் அம்மா தவறியபோது தம்பி சாமுவேலுக்கு எட்டு வயது, எனக்கு இருபது. அடுத்த வருடம் அப்பாவும் போய்விட்டார். அதன்பிறகு அவனுக்குத் தலை சீவிவிட்டதும், காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்ததும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும் நான்தான். எனக்கு வந்த வரன்களை எல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தேன். அப்புறம் வரன்களும் வரவில்லை. அவன் வளர்ந்து மெட்ராஸில் டிரங்கால் ஆபரேட்டர் ஆனான். அங்கே காதில் குழாயை மாட்டிக்கொண்டு, திருப்பதி போர்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணோடு "மெட்ராஸ் பேசுது", "திருப்பதி பேசுது" என்று ஆரம்பித்து, அது கல்யாணத்தில் வந்து நின்றது. ஆளை ஆள் பார்த்ததே இரண்டு முறைதானாம். குரலைக் கேட்டே பிடித்துவிட்டதாம்.

"எக்கா, நீ போய்ப் பார். நீ சரி என்றால் சரி. வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுகிறேன். சுகுணாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருந்தான். தானும் வருகிறேன் என்றவனை வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். தேடினால் கிடைக்காத குறை உண்டா?

சனிக்கிழமை மாலையே போய்ச் சேர வேண்டியது. மெட்ராஸில் ரயிலை விட்டு இறங்கினால், பெய்த மழையில் பஸ் ஓடவில்லை. ஞாயிறு அதிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அது பாதி வழியில் ஒரு டயரை இழந்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, "அரகண்ட்டா பட்டுந்தி" என்று தெலுங்கிலும், "அர மணிநேரம் ஆவும்" என்று தமிழிலும் அறிவித்தார். இரண்டு மொழியிலும் பொய். ஒன்றரை மணி நேரம் ஆனது. என் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் தக்காளி விலையைத் தமிழில் ஆரம்பித்து, சண்டை முற்றியதும் தெலுங்குக்கு மாறி, சமாதானமாகும்போது மறுபடி தமிழுக்கு வந்தார்கள். எங்கள் பக்கம் பனையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மலைகள் புதிது. பாறைமேல் பாறையாக அடுக்கிவைத்துவிட்டு யாரோ மறந்துபோன மாதிரி இருந்தன. சித்தூரை நெருங்கியதும் ஈரக்காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. குறை காணப் போகிறவளுக்கு இவ்வளவு சந்தோஷம் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா ஆபிரகாம் சார், ஓய்வுபெற்ற வாத்தியார். "ஞாயிறு எங்களுக்கு அறுப்பின் பண்டிகை. நேரம் ஆகிவிட்டால் நேராகக் கோயிலுக்கே வந்துவிடுங்கள், பஸ் நிலையத்துக்குப் பக்கம்தான்" என்று எழுதியிருந்தார். போனேன். ஆராதனை தொடங்கிவிட்டது. வாசல் நிறையப் பூசணிக்காய், கரும்புக் கட்டு, வேர்க்கடலை மூட்டை, தக்காளிக் கூடை, கால் கட்டிய இரண்டு சேவல். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் ஓடிவந்து என் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"குடுங்கம்மா, குடுங்க. உள்ள ஜனங்க ரொம்பிக் கீறாங்க. நாங்க பாத்துக்கறோம். நீங்க போய்க் குந்துங்க."

என்ன மரியாதை என்று பூரித்துப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் வாசலில் நிற்கிறவர்கள் நேரமாகி வருகிறவர்களை முறைக்கத்தான் செய்வார்கள்.

காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தது. விளைச்சலை எல்லாம் தலையில் சுமந்துகொண்டு ஜனங்கள் பவனியாக வந்தார்கள். பூசணி போயிற்று, கரும்பு போயிற்று, சேவல் கொக்கரித்துக்கொண்டே போயிற்று. அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் தலைமேல் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட ஓலைப்பெட்டி ஒன்று போயிற்று. அடடே, இந்த ஊரிலும் மணப்பாட்டுப் பெட்டி கிடைக்கிறதே என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிடம் எனக்கு வியர்த்தது.

எழுந்து ஓடுவதற்குள் பெட்டி பீடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. போதகர் கையை நீட்டி எல்லாவற்றின் மேலும் ஜெபித்துவிட்டார். பீடத்தில் வைத்து ஜெபித்த பொருளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கிற துணிச்சல் எங்கள் ஊரிலும் ஒருத்தருக்கும் கிடையாது. அதைத் திரும்ப வாங்க ஒரே வழிதான். ஆராதனை முடிந்ததும் நடக்கிற ஏலத்தில் எடுக்க வேண்டும்.

வேப்பமரத்தடியில் ஏலம் தொடங்கியது. மேசைமேல் ஏறி நின்று, கண்ணில் நீர் வரச் சிரிக்க வைத்துக்கொண்டே ஏலம் விட்டவர் யார் என்று பக்கத்திலிருந்த அம்மாளைக் கேட்டேன்.

"அவரா, நம்ம ஆபிரகாம் சாரு. வருசா வருசம் அவருதான். இன்னிக்கி அவரு பொண்ணப் பாக்கத் தெற்கத்திலேர்ந்து யாரோ வராங்களாம், இன்னும் காணம்னு பாத்துக்கினு கீறாரு" என்றாள்.

சரிதான். இனி வாயைத் திறந்தேனா, சம்பந்தியாக வேண்டிய மனுஷனை ஊர் நடுவில் தலைகுனிய வைத்தவள் ஆவேன். அவர் என் பெட்டியைத் திறந்தார். கருப்பட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இது இன்னா பெல்லமா? இவ்ளோ கருப்பா கீதே" என்றார். பக்கத்திலிருந்த அம்மாள் அதை முந்திரிக்கொத்தோடு ஏலத்தில் எடுத்து, ஒரு கொத்தை எனக்கே தின்னக் கொடுத்தாள். நான் தின்றேன். வேறென்ன செய்வது?

அடுத்து பாசிப்பச்சைச் சேலை. கேட்டுப் பார்த்தேன். என் கையில் இருந்ததோ ஊர் திரும்புகிற செலவுக்கான பணம். பலமனேரிலிருந்து வந்திருந்த, பால் வியாபாரம் செய்கிற ஒரு வாட்டசாட்டமான அம்மாள் என்னை இரண்டே கேள்வியில் உட்கார வைத்துவிட்டாள். அதோடு விட்டாரா ஆபிரகாம் சார்? "இந்தாம்மா, கொசுறு" என்று என் கத்தரிப்பூ ஜாக்கெட்டையும் அவள் கையில் போட்டார். சேலை போனதைவிட ஜாக்கெட் போனதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அதன் கைக்கு நான் வைத்த மடிப்பு என்ன மடிப்பு! பிறகு அவர் உள்பாவாடையை வெளியே எடுத்தார். என்னவென்று தெரிந்ததும் இருமிக்கொண்டே உள்ளே வைத்துவிட்டார். நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கத்தரிப்பூச் சேலையை விடக் கூடாது என்று முடிவு செய்தேன். பெண் வீட்டில் உடுத்த வைத்திருந்தது அது. ஐந்து என்றேன். பாட்டுக் குழுவின் பக்கமிருந்து, "பத்து" என்றது ஒரு குரல். மஞ்சள் சேலை கட்டிய, கண்ணாடி போட்ட, ஒல்லியான பெண். பன்னிரண்டு என்றேன். நான் முடிப்பதற்குள் பதினைந்து என்றாள். இருபது என்றேன். இருபத்தைந்து என்றாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். இதற்கு மேல் போனால் நான் ஊருக்கு நடந்துதான் போக வேண்டும். "ஒகட்டோ சாரி, ரெண்டோ சாரி, மூடோ சாரி" என்று தெலுங்கில் மூன்று தரம் சொல்லி மேசையைத் தட்டினார் ஆபிரகாம் சார். இப்படிப் பிடிவாதம் பிடித்தவளை எவன் கட்டிக்கொண்டு மாரடிக்கப் போகிறானோ என்று நினைத்தேன்.

பெட்டியைப் போதகரின் மனைவி எடுத்தார். ஏலம் முடிந்ததும் ஆபிரகாம் சார் அந்நியமாக நின்ற என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"சாமுவேல் தம்பியோட அக்காதானே? வாங்கம்மா, வாங்க. பொட்டி கிட்டி எதுவும் காணமே?"

"பஸ்ஸில் தவறிப்போய்விட்டது" என்றேன். ஞாயிற்றுக்கிழமை, கோயில் வளாகத்தில், போதகருக்கு எதிரிலேயே சொன்ன பொய். கர்த்தர் மன்னிக்க வேண்டும்.

"அய்யய்யோ" என்று பதறிவிட்டார். "சுகுணா, இங்க வாம்மா. அக்கா வந்துட்டாங்க."

மஞ்சள் சேலைக்காரி வந்து நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுடைய கண் கொஞ்சம் பெரிதானது. பிறகு கை கூப்பி, "ஸ்தோத்திரம் அக்கா" என்றாள். குறை நம்பர் ஒன்று கிடைத்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் திருப்தி.

மத்தியானம் அவர்கள் வீட்டில் ராகி சங்கடி. கேழ்வரகுக் களிதான், சோறு கலந்து உருட்டியது. நடுவில் குழி செய்து நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றினார்கள். எங்கள் ஊரில் களியைக் கண்டால் எழுந்து போகிறவள் நான். அங்கே இரண்டு உருண்டை தின்றேன். வேர்க்கடலையில் அரைத்த துவையல் ஒன்று வைத்தார்கள், அதற்காகவே இன்னொரு தரம் போகலாம். "துன்னுங்க டீச்சரம்மா, நல்லா துன்னுங்க. பொட்டி போனா போவுது, வயிறு இன்னா பண்ணுச்சி" என்று சுகுணாவின் அம்மா பரிமாறிக்கொண்டே இருந்தார். மாற்றிக்கொள்ளத் தன்னுடைய ஜாக்கெட்டைக் கொடுத்தார். அதற்குள் என்னைப் போல் இரண்டு பேர் போகலாம். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள், நான்கு ஊக்கு குத்திக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது சுகுணா ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "அக்கா, இது உங்களுக்கு. ஏலத்துல எடுத்தேன்."

பிரித்தேன். என் கத்தரிப்பூச் சேலை. நான் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது. "நல்லாயிருக்கு" என்றேன். "டீச்சரம்மாவுக்காவே நெய்ஞ்ச மாதிரி கீது" என்றார் அவள் அம்மா. நாளைக்குக் குடித்தனம் நடத்த வேண்டியவள் ஒரு சேலைக்கு இருபத்தைந்து ரூபாயா, ஊதாரி, குறை நம்பர் இரண்டு என்று அன்று படுக்கும்போது எண்ணிக்கொண்டேன். ஆனாலும் அவள் கொசுவலையை என் பக்கம் இழுத்துச் செருகிவிட்டுப் போனபோது மனசு ஒருமாதிரி ஆனது.

திங்கட்கிழமை அவளுக்குத் திருப்பதியில் மத்தியான ஷிஃப்ட். எனக்கும் சாயங்காலம் அங்கிருந்து ரயில். சேர்ந்தே கிளம்பினோம். பஸ் நிலையத்தில் என் பாசிப்பச்சைச் சேலை நின்றுகொண்டிருந்தது. பலமனேர் அம்மாள் அதைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, ரத்தச் சிவப்பில் ஜாக்கெட் போட்டிருந்தாள். "சேல ரொம்ப பாகுந்திம்மா, பாவம், நேத்து நீதானே கேட்டுக்கினு இருந்தே" என்று என்னைத் தட்டிக்கொடுத்தாள். பச்சைக்குச் சிவப்பு ஆகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். சொன்னால் வெட்கக்கேடு, அவளுக்கு அது என்னைவிட நன்றாக இருந்தது.

வழியில் சந்திரகிரியில் இறக்கிவிட்டாள் சுகுணா. "ஷிஃப்டுக்கு நேரம் கீது அக்கா, கோட்டை பாத்துட்டுப் போலாம்." ராயர் காலத்து அரண்மனைக்கு முன்னால் புல் ஈரமாக இருந்தது. சீத்தாப்பழம் வாங்கி, மதில் நிழலில் உட்கார்ந்து, விதையைத் துப்பிக்கொண்டே அரண்மனையைப் பார்த்தோம். நான் மூன்றாவது பழத்தைப் பிளக்கும்போது அவள் சொன்னாள்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. அந்தச் சேலை உங்களுதுன்னு எனக்குத் தெரியும்."

பழம் கையிலேயே நின்றது.

"முந்தி மூலையில சேங்கொட்டை மையில சலவைக் குறி இருந்துச்சி. கட்டின சேலையை யாராச்சும் அறுப்புக்குப் படைப்பாங்களா? அப்புறம் அந்தக் கருப்பட்டி. மூணு சேலை, ரெண்டு ஜாக்கெட்டு, ஓலைப்பெட்டி, எங்க அக்கா பொறப்பட்டா அவ்ளோதான்னு அவரு லைன்ல எத்தினி வாட்டி சொல்லிக் கீறாரு. பெட்டி இங்க கீதே, அக்காவக் காணமேன்னு எனக்குப் பதறிப்போச்சி. அங்கியே கத்தி இருப்பேன். ஆனா வந்தவங்க துணியையே ஏலம் விட்டுட்டோம்னு நைனாவுக்குத் தெரிஞ்சா மூணு நாளு துன்ன மாட்டாரு. பச்சைச் சேலையப் போக விட்டுட்டேன், அதுக்கு அப்புறம்தான் குறியப் பாத்தேன். இதையாச்சும் எடுத்துடணும்னு கேட்டா, பின்னாடி இருந்து ஒரு அம்மா விடாம ஏத்திக்கினே போறாங்க. யாருடா இந்தப் பேராசை புடிச்ச பொம்பளைன்னு…" உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அந்தப் பேராசை புடிச்ச பொம்பளை நான்தான்" என்றேன்.

"அது கோயில்லியே தெரிஞ்சி போச்சி. பஸ்ஸில தவறிடுச்சின்னு நைனாகிட்ட சொன்னீங்களே, அப்ப உங்க மேல எனக்கு ரொம்ப ஆசையா ஆயிடுச்சி அக்கா."

இரண்டு பேரும் சிரித்தோம். கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது, ஓர் ஊக்கு அவிழ்ந்துவிட்டது. அதைக் குத்திவிட்டவள் அவள்தான். குத்திக்கொண்டே, தாழ்ந்த குரலில், "நீங்க வேணாம்னு சொன்னாலும் நான் அவரைத் தப்பா நெனக்க மாட்டேன் அக்கா. அவரு உங்களைப் பத்தி அப்படிச் சொல்லிக் கீறாரு" என்றாள். என் பின்னால் நின்றுகொண்டு சொன்னதால் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. மழை வரும் போலிருக்கிறது, கிளம்புவோம் என்றேன்.

திருப்பதியில் எங்கு பார்த்தாலும் மொட்டைத் தலைகள், சந்தனம் பூசி, வெயிலில் பளபளவென்று. சுகுணா டூட்டிக்கு ஓடினாள். நான் ஜட்கா ஒன்றில் ஏறினேன். "அலிபிரியா அம்மா? நடந்து மலை ஏறப் போறீங்களா?" என்றார் வண்டிக்காரர். தபாலாபீஸ் என்றதும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "இவ்ளோ தூரம் வந்து தபாலாபீஸா?" என்று குதிரையிடம் முறையிட்டுக்கொண்டே ஓட்டினார்.

தபாலாபீஸில் மெட்ராஸுக்கு ஒரு டிரங்கால் போட்டேன். தம்பி சாமுவின் ஆபீசுக்கே. கால் மணி நேரத்தில் கண்ணாடி போட்ட மரக் கூண்டுக்குள் மணி அடித்தது. எடுத்தேன். "மெட்ராஸ் லைன்ல கீறாங்க. பேசுங்க" என்றது ஒரு குரல். என் பக்கத்தில் உட்கார்ந்து சீத்தாப்பழம் தின்ற குரல்தான், கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக.

"எக்கா, பாத்தியா?" என்றான் சாமு.

"பாத்தேன்."

"எப்படி இருக்கா?"

அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. எட்டு வயதில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கிய பயல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முனையில் நிற்கிறான்.

"ஏலே, உங்கிட்ட ஒரு உண்மையச் சொல்லுதேன், கேளு" என்றேன். "நான் குறை கண்டுபிடிக்கத்தாம்லே வந்தேன். உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு இல்ல. நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கான்னு நெனச்சுக்கிட்டுதான் பஸ் ஏறுனேன்."

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது.

"குறை ஒண்ணும் கிடைக்கலலே. இனி நீயே வேண்டாம்னாலும் நான் விட மாட்டேன். நீ அங்கயே கெட, நான் அவளை என்கூடக் கூட்டிட்டுப் போயிருதேன்."

"எக்கா" என்றான். அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை.

அப்போது நடுவில் அந்தக் குரல் வந்தது. "த்ரீ மினிட்ஸ்… மூணு நிமிசம் ஆயிடுச்சி. எக்ஸ்டென்ட்…" விறைப்பெல்லாம் போய், பாதியில் உடைந்து நின்றுவிட்டது.

"சுகுணா?" என்றான் சாமு. "நீ லைன்லயா இருக்க? எல்லாத்தையும் கேட்டியா?"

பேசுகிறவர்களோடு ஆபரேட்டர் பேசக் கூடாது என்பது சட்டமாம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எக்ஸ்டென்ட் பண்ணும்மா. அதுக்கான காசு நான் கட்டுதேன்" என்றேன். பிறகு குழாயைக் கொக்கியில் மாட்டாமல், பலகைமேல் மெதுவாகப் படுக்க வைத்தேன். அதற்குள்ளிருந்து சாமுவின் குரல் சின்னதாகக் கேட்டது. கொஞ்சம் பொறுத்து அவளுடைய குரலும் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

மேசையிலிருந்த குமாஸ்தா காலிக் கூண்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "முடிஞ்சிதாம்மா?"

"இன்னும் இல்ல. பேசிக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.